மாறாத வேதமும் மாறிய சொல்லும்

வேதத்தோடு எதையும் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்பது கிறித்தவ வாழ்வின் அடிப்படை விதிகளுள் ஒன்று. புதிய ஏற்பாட்டின் இறுதி அதிகாரமே இவ்வெச்சரிக்கையை விடுக்கின்றது. ஆயின் மக்கள் எந்த வாசகத்துக்கு விசுவாசமாயிருந்தனர் என்பது வரலாற்று வினாவாகும்.

எழுத்தை முதன்மைப்படுத்திய புரட்டஸ்தாந்தரிடையே இறைவனின் பெயரே நிலைக்கவில்லை. பப்ரிசியசின் 'பராபரன்' 1871 ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பில் 'தேவன்' ஆயிற்று. கத்தோலிக்கரும் இணைந்து 1995 இல் வெளியிட்ட திருவிவிலியத்தில் 'கடவுள்' ஆயிற்று. ஆறுமுக நாவலர் துணைநின்ற பேர்சிவல் மொழிபெயர்ப்போ (1850), பப்ரிசியசின் நடையில் ஊறிய சபையாரிடம் எடுபடவில்லை. காக்கப்பட்டது மூலமன்று, பழக்கமே எனலாம்.

நானாட்டான் உள்ளிட்ட மன்னார்க் கத்தோலிக்கரின் நிலை வேறு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–65) வரை பூசைமொழி இலத்தீன். கட்டுக்கரைக்குளத்து நீரில் வயல் செய்த உழவருக்குப் பாடுகளின் வரலாறு பெரிதும் செவிவழியாகவே எட்டியது. 1705 இல் இலங்கை வந்து 1742 இல் மறைந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியாரின் 'வியாகுலப் பிரசங்கம்' அவ்வழிகளுள் முக்கியமானது. சுவிசேஷங்கள் சுருங்கக் கூறுவதை அது உருக்கமாக விரிக்கின்றது. அதாவது, கண்டிப்பாக நோக்கின், கூட்டுகின்றது. விந்தை யாதெனில், அக்கூட்டலே மரபாகிப் புனிதம் பெற்றது. மொழிபெயர்ப்புக் குழுக்களில் இடம்பெறாத சாதாரண மக்கள், தவக்காலந்தோறும் பழைய இராகம் பிசகாது அதனை வாசித்து வந்தனர்.