தொழிற்பழகுநர் பயிற்சி: சேலம், நாமக்கல் பகுதி

ஒப்பந்தம் எழுதிக்கொண்டு, குறிப்பிட்ட காலம் ஒரு நிறுவனத்தில் வேலை கற்பவர் தொழிற்பழகுநர் எனப்படுகிறார். இந்தியாவில் இப்பயிற்சியை 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் நெறிப்படுத்துகிறது. தொடக்கத்தில் பிட்டர், டர்னர், வெல்டர் போன்ற தொழிற்பிரிவுகளுக்கே இச்சட்டம் பொருந்தியது. 1973-இல் பொறியியல் பட்டதாரிகளும் பட்டயதாரர்களும், 1986-இல் மேல்நிலைப் பள்ளியில் தொழிற்கல்வி படித்தோரும் சேர்க்கப்பட்டனர். 2014-ஆம் ஆண்டுத் திருத்தம் பிற பட்டதாரிகளுக்கும் இடமளித்தது.

உதவித்தொகை கல்வித் தகுதியைப் பொறுத்தது. 2019-இல் திருத்தப்பட்ட விதிகள் மாதக் குறைந்தபட்சத் தொகையை இவ்வாறு நிர்ணயித்தன: ஐந்து முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவருக்கு 5,000 ரூபாய், பத்தாம் வகுப்புக்கு 6,000, பன்னிரண்டாம் வகுப்பு அல்லது ஐ.டி.ஐ. முடித்தவருக்கு 7,000, பட்டயதாரருக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000. 30 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனம், பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களைச் சேர்த்தே ஆக வேண்டும். 4 முதல் 29 பேர் உள்ள இடங்களில் அது உரிமையாளரின் விருப்பம்.

இப்பகுதியில் சிக்கல் எழுவது இந்த எண்ணிக்கையில்தான். சேலம் உருக்காலை, மேட்டூர் அனல் மின் நிலையம் போன்ற பெரிய நிறுவனங்களுக்குப் பழகுநர் சேர்ப்பு கட்டாயம். ஆனால் நாமக்கல்லின் லாரி பாடி கட்டும் பட்டறைகள், திருச்செங்கோட்டு ரிக் வண்டிப் பட்டறைகள், குமாரபாளையம் விசைத்தறிக் கூடங்கள் ஆகியவற்றுள் சிறியவையே மிகுதி. அங்கே சேரும் இளைஞர் ஹெல்பராக நின்று, மூத்த தொழிலாளியின் கையைப் பார்த்தே வெல்டிங்கும் தகர வேலையும் கற்கிறார். சில ஆண்டுகளில் வேலை கைவந்துவிடும். ஆனால் அதைக் காட்ட ஒரு சான்றிதழ் இராது. முறையாகப் பயின்று தேர்வில் வென்ற பிட்டருக்கோ தேசிய தொழிற்பழகுநர் சான்றிதழ் கிடைக்கிறது. வெளியூர் ஆலையில் வேலை கேட்கப் போகும்போது இந்த வேறுபாடு பெரிது.

சிறு பட்டறைகளையும் ஈர்க்க, 2016-இல் தொடங்கிய தேசிய தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையின் கால் பங்கை, 1,500 ரூபாய் வரம்புக்குள், மத்திய அரசு ஏற்றது.

சட்டத்தின் பார்வையில் பழகுநர் ஒரு பயிற்சியாளர், தொழிலாளர் அல்லர். ஆகவே தொழிலாளர் சட்டங்கள் பொதுவாக அவருக்குப் பொருந்தா. பணியிடப் பாதுகாப்பு விதிகளும் விபத்து இழப்பீடும் மட்டும் பொருந்தும். பயிற்சி முடிந்ததும் வேலை தரும் கட்டாயமும் நிறுவனத்துக்கு இல்லை. பல குடும்பங்கள் இதைக் கையொப்பமிட்ட பிறகே அறிகின்றன. குறைந்தபட்ச வயது 14, அபாயகரமான தொழில்களுக்கு 18. பழகுநர் 18 வயது நிரம்பாதவராயின் பெற்றோரோ பாதுகாவலரோ ஒப்பந்தம் செய்ய வேண்டும். அந்த ஒப்பந்தம் பதிவு செய்யப்பட்டதா என்று கேட்டறிவதும் அவர்கள் பொறுப்பே.