பேட்டரி புல் வெட்டும் மெஷின் வாங்கப் போறீங்களா? வோல்ட்டைப் பார்க்காதீங்க, இந்தக் கணக்கைப் போடுங்க!

வடகிழக்குப் பருவமழை முடிந்து வெயில் எட்டிப் பார்த்ததும், வீட்டைச் சுற்றிப் பெரிய இடம் வைத்திருப்பவர்களுக்கு வரும் முதல் தலைவலி புல். முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து நிற்கும். வெட்ட ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் சொன்ன நாளில் வருவதில்லை. சரி, ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு ஒரு பேட்டரி மெஷின் வாங்கி அனுப்பிவிடலாம் என்று போனில் தேடினால், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. 21 வோல்ட், 36 வோல்ட், 48 வோல்ட் என்று வரிசையாக வந்து நிற்கின்றன. சில ஆயிரம் ரூபாயிலும் கிடைக்கிறது, அதைப்போல் பல மடங்கு விலையிலும் கிடைக்கிறது. படத்தில் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கின்றன.

எதை வைத்து முடிவு செய்வது?

வோல்ட் அதிகமா இருந்தா நல்ல மெஷினா?

அப்படிச் சொல்ல முடியாது. இந்த மெஷின்களில் இருப்பது லித்தியம் அயான் பேட்டரி. அதற்குள் விரல் அளவில் சின்னச் சின்ன செல்கள் இருக்கும். ஒரு செல்லின் சராசரி அழுத்தம் சுமார் 3.6 வோல்ட். முழுதாக சார்ஜ் ஏறியதும் 4.2 வோல்ட் வரை போகும். ஐந்து செல்களை வரிசையாக இணைத்தால் சராசரிக் கணக்கில் 18 வோல்ட். முழு சார்ஜில் 21 வோல்ட். அதாவது ஒரு கம்பெனி '18 வோல்ட்' என்றும், இன்னொன்று '20 வோல்ட் மேக்ஸ்' என்றும், மூன்றாவது '21 வோல்ட்' என்றும் விற்பது பெரும்பாலும் ஒரே வகை பேட்டரிதான். அதேபோல் பத்து செல் வரிசை என்றால் 36 வோல்ட். சிலர் அதையே '40 வோல்ட் மேக்ஸ்' என்பார்கள்.

மலிவான சில மெஷின்களில் 48, 88 என்று பெரிய எண்கள் ஒட்டப்பட்டிருக்கும். உண்மையைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. கூட வரும் சார்ஜரைத் திருப்பி, 'அவுட்புட்' என்ற இடத்தைப் பாருங்கள். அங்கே 21 வோல்ட் என்று இருந்தால், உள்ளே வரிசையாக இருப்பது ஐந்து செல்கள்தான். பத்து செல் பேட்டரிக்கு சார்ஜரில் 42 வோல்ட் வர வேண்டும். ஆன்லைனில் வாங்குபவர்கள் சார்ஜரின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் போதும்.

அப்போ எதைப் பார்க்கணும்?

வாட் ஹவர். வோல்ட்டையும் ஆம்பியர் ஹவரையும் பெருக்கினால் இது கிடைக்கும். பைக்கின் பெட்ரோல் டேங்க் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்பதைப் போன்ற அளவு இது. 18 வோல்ட், 4 ஆம்பியர் ஹவர் பேட்டரி என்றால் 72 வாட் ஹவர். 36 வோல்ட், 5 ஆம்பியர் ஹவர் என்றால் 180 வாட் ஹவர். இரண்டாவது டேங்க் முதலாவதைப் போல் இரண்டரை மடங்கு.

நம்ம இடத்துக்கு எவ்வளவு தேவைப்படும்?

ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி, அதாவது சுமார் 40 சதுர மீட்டர். மெஷின் ஒரு வீச்சில் உண்மையாகச் சுத்தம் செய்வது ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு சென்டை முடிக்க 160 மீட்டர் நடக்க வேண்டும். வெட்டிக்கொண்டே போகும்போது விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் நகர்ந்தாலும் 320 விநாடி ஆகும். ஐந்தரை நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு.

சாதாரணப் புல்லை வெட்டும்போது சின்ன மெஷின் சுமார் 300 வாட் இழுக்கிறது என்று கணக்கு வைத்தால், ஒரு சென்டுக்கு 27 வாட் ஹவர் செலவாகும். ஒரு உதாரணம்: 10 சென்ட் மனை, அதில் 1,200 சதுர அடியில் வீடு. வீடு போக மீதி ஏழு சென்டுக்குச் சற்று அதிகம். ஏழு சென்ட் என்றே வைத்தாலும் சுமார் 190 வாட் ஹவர் தேவை. 72 வாட் ஹவர் பேட்டரி ஒன்றுடன் வரும் மெஷினை வாங்கினால், கால் மணி நேரத்தில் பேட்டரி படுத்துவிடும். இரண்டரை சென்டுக்கு மேல் தாண்டாது. வேலை ஒரே மூச்சில் முடிய அதே பேட்டரி மூன்று வேண்டும். இல்லையென்றால் 36 வோல்ட் மெஷினுக்குப் போக வேண்டும்.

இது குட்டையான, காய்ந்த புல்லுக்கான கணக்கு. ஈரமான, முழங்கால் உயரப் புல் என்றால் இரண்டு மடங்கு எடுத்துக்கொள்வது நல்லது. விளம்பரத்தில் போடும் 'ஒரு மணி நேரம் ஓடும்' என்பது பெரும்பாலும் குறைந்த வேகத்தில் ஓட்டினால் கிடைக்கும் நேரம் என்பதையும் மறக்க வேண்டாம்.

மின்செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். 190 வாட் ஹவர் ஏற்றக் கால் யூனிட்டுக்குள்தான் ஆகும். கவனிக்க வேண்டியது சார்ஜ் ஆகும் நேரம். 2 ஆம்பியர் சார்ஜர் 4 ஆம்பியர் ஹவர் பேட்டரியை நிரப்ப இரண்டு மணி நேரமாவது எடுக்கும். அதற்குள் வெயில் ஏறிவிடும்.

எந்தப் புல்லுக்கு எது?

அருகம்புல், சாதாரணப் புல்வெளி என்றால் 1.6 முதல் 2 மில்லிமீட்டர் நைலான் கயிறு போதும். தண்டு தடித்த களைகளுக்கு 2.4 மில்லிமீட்டர் தேவைப்படும். ஆனால் கயிறு தடிக்கத் தடிக்க மோட்டாருக்குச் சுமை கூடும், பேட்டரி சீக்கிரம் இறங்கும். எனவே கையேட்டில் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது.

கோரையை வெட்டினால் தலை போகும்; மண்ணுக்குள் இருக்கும் கிழங்கிலிருந்து மறுபடி முளைக்கும். பார்த்தீனியத்தை மெஷினில் அடித்தால் சாறும் துகளும் மேலே தெறித்துத் தோல் அலர்ஜி வரலாம். பூப்பதற்கு முன் கையுறை போட்டுப் பிடுங்குவதே நல்லது. கருவேலங்கன்றுகளுக்கு நைலான் கயிறு வேலைக்கு ஆகாது. அதற்கு இரும்பு பிளேடு போடலாம் என்று கையேட்டிலேயே சொல்லப்பட்ட மெஷின்தான் வேண்டும்.

இன்னொன்று: தென்னங்கன்று, மாங்கன்றுக்குப் பக்கத்தில் கயிறு ஓடக் கூடாது. மாங்கன்றின் பட்டையைச் சுற்றிலும் உரித்துவிட்டால் மரமே பட்டுப்போகும். சொட்டுநீர்க் குழாயும் ஒரே வீச்சில் துண்டாகிவிடும். இந்த இடங்களில் அரிவாள்தான் சரி.

யார் பிடிக்கப் போறாங்க?

வாங்குவது மகனோ மகளோ. அரை மணி நேரம் தூக்கிப் பிடிப்பது பெரும்பாலும் அறுபது தாண்டிய அப்பாவாக இருக்கும். அதனால் பேட்டரியோடு சேர்த்து மொத்த எடை எவ்வளவு என்று பாருங்கள். மோட்டார் கீழே, வெட்டும் தலையில் இருந்தால் முன்பக்கம் கனக்கும், மணிக்கட்டு வலிக்கும். மூன்று கிலோவைத் தாண்டினால் தோள் பெல்ட் அவசியம். கைப்பிடியை ஆளின் உயரத்துக்கு ஏற்ப மாற்ற முடிகிறதா என்பதைக் கடையில் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும்.

மோட்டார் 'பிரஷ்லெஸ்' வகையாக இருந்தால் நல்லது. தேய்ந்து மாற்ற வேண்டிய கார்பன் பிரஷ் அதில் இல்லை. அதே பேட்டரியில் கூடுதல் நேரமும் கிடைக்கும்.

வெறும் நைலான் கயிறுதானே, என்ன ஆகும்?

30 சென்டிமீட்டர் வட்டத்தில் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றும் கயிற்றின் நுனி, மணிக்கு சுமார் 340 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதில் ஒரு ஜல்லிக்கல் பட்டால் அது எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது. கண்ணாடி, முழுக்கால் பேன்ட், ஷூ இல்லாமல் தொடவே கூடாது. செருப்பு, லுங்கியோடு வெட்டுவது காலையும் கண்ணையும் பணயம் வைப்பது. 15 மீட்டர் சுற்றளவுக்குள் குழந்தைகளோ நாயோ இருக்கக் கூடாது. புதர் என்றால் முதலில் நீளக் கம்பால் தட்டிப் பாருங்கள், பாம்பு இருந்தால் விலகிப் போகும்.

'புல் சிக்குது' என்று பாதுகாப்பு மூடியைக் கழற்றிவிடுபவர்கள் உண்டு. அந்த மூடியில் கயிற்றை அளவாக நறுக்கும் சின்னக் கத்தி இருக்கிறது. மூடி இல்லையென்றால் கயிறு நீண்டு மோட்டார் சூடேறும். கல்லும் நேராக ஆள் மேலேயே வரும்.

பெட்ரோல் மெஷின்தான் சரின்னு எப்போ சொல்லலாம்?

இடம் அரை ஏக்கருக்கு மேல் என்றால், பேட்டரிக் கணக்கு கையைக் கடிக்கும். 50 சென்டுக்கு நம் கணக்குப்படியே 1,350 வாட் ஹவர் வேண்டும். 72 வாட் ஹவர் பேட்டரி 19 தேவைப்படும். பெட்ரோலில் ஓடும் பிரஷ் கட்டருக்கு டேங்க் நிரப்ப ஒரு நிமிடம் போதும். சத்தம், புகை, கார்புரேட்டர் தொல்லை அதன் மறுபக்கம். வருடத்துக்கு இரண்டு முறைதான் வெட்டுவீர்கள் என்றால், வாடகைக்கு ஆளோடு மெஷின் வரவழைப்பதே லாபம். அடிக்கடி, பத்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை வெட்டி இடத்தைச் சுத்தமாக வைத்திருப்பவர்களுக்குத்தான் பேட்டரி மெஷின் பொருந்தும்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

* இந்த விலையில் பேட்டரியும் சார்ஜரும் சேருமா? பல மாடல்களில் மெஷின் மட்டும்தான் வரும்.
* கூடுதல் பேட்டரி தனியாகக் கிடைக்குமா, விலை என்ன? ஒரு கம்பெனி பேட்டரி பெரும்பாலும் இன்னொன்றுக்குப் பொருந்தாது. வீட்டில் ஏற்கெனவே டிரில்லிங் மெஷின் இருந்தால், அதே பேட்டரியில் ஓடும் மாடல் இருக்கிறதா என்று பார்த்தால் செலவு மிச்சம்.
* கயிற்றுச் சுருள் உள்ளூர்க் கடையில் கிடைக்குமா? சர்வீஸ் சென்டர் எந்த ஊரில்?
* பேட்டரிக்கு வாரன்டி எத்தனை மாதம்?

வாங்கிய பின் பேட்டரியைத் தகர ஷெட்டிலோ வெயிலில் நிற்கும் காரிலோ வைக்கக் கூடாது. வெட்டி முடித்த சூட்டோடு சார்ஜ் போடாமல் ஆறவிட வேண்டும். கோடையில் மாதக்கணக்கில் வேலை இல்லையென்றால், பாதி சார்ஜில் நிழலான இடத்தில் வைக்கலாம். உப்பிப் போன பேட்டரியை மறுபடி பயன்படுத்தவும் கூடாது, குப்பையில் போடவும் கூடாது. 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. எனவே வாங்கும்போதே, பழைய பேட்டரியை எங்கே திருப்பித் தர வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.