தீட்டுவதும் மெழுகுவதும்

இரவில் பெட்ரோல் பங்க்கில் வரிசையில் நிற்கும்போது, முன்னால் நிற்கும் கறுப்புக் காரின் பின்பக்கத்தைப் பாருங்கள். மேலே எரியும் விளக்கு அதில் தெரியும். விளக்கைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல மெல்லிய வட்டக் கோடுகளும் தெரியும். யாரோ வட்டம் வட்டமாகத் துடைத்ததால் வந்தவை என்றுதான் தோன்றும். ஆனால் தலையைக் கொஞ்சம் நகர்த்துங்கள். வட்டமும் கூடவே நகரும். கீறல்கள் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. விளக்கொளியை நம் கண்ணுக்குத் திருப்பிவிடும் கோணத்தில் இருப்பவை மட்டும் மின்னுகின்றன. அவை சேர்ந்துதான் வட்டமாகத் தெரிகின்றன. பல வருடம் நார் போட்டுத் தேய்த்த எவர்சில்வர் தட்டைப் பல்புக்குக் கீழே பிடித்தாலும் இதே வலையைப் பார்க்கலாம்.

அந்தக் கீறல்கள் நிறத்தில் விழுந்தவை இல்லை. நிறத்துக்கு மேலே கண்ணாடி போல இருக்கும் கிளியர் கோட்டில் விழுந்தவை. இன்றைய கார்களில் இரும்புத் தகட்டின்மேல் முதலில் மின்சாரம் பாய்ச்சிப் படியவைத்த துருத் தடுப்புப் பூச்சு இருக்கும். அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கிளியர் கோட். எல்லாம் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 130 மைக்ரான் வரும். ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். கிளியர் கோட் மட்டும் 35 முதல் 50 மைக்ரான், அதாவது ஒரு முடியின் தடிமன்கூட இல்லை. வெயிலின் புற ஊதாக் கதிரை உறிஞ்சி, அடியில் இருக்கும் நிறம் வெளுக்காமல் காப்பது அந்த மெல்லிய தோல்தான்.

அதைக் கீறுவது பெரும்பாலும் நம் கைத்துணி. சாலைப் புழுதியில் மணல் உண்டு. மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். மோஸ் கடினத்தன்மை அளவில் அதற்கு 7. ஜன்னல் கண்ணாடிக்கே ஏறக்குறைய 5.5தான், பெயின்ட் அதற்கும் எவ்வளவோ கீழே. அபார்ட்மென்ட்களில் விடியற்காலையில் ஒரு பக்கெட் தண்ணீரும் ஒரு பழைய பனியன் துணியுமாக வந்து பத்துப் பன்னிரண்டு கார்களைத் துடைத்துவிட்டுப் போகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு காருக்கு ஒரு பக்கெட் தண்ணீர்கூடக் கொடுக்காத நாம்தான் காரணம். ஏழாவது காருக்கு வரும்போது அந்தத் துணி துணியாக இருப்பதில்லை, உப்புத்தாளாக மாறியிருக்கும்.

சரி, கீறல் விழுந்துவிட்டது. இனி என்ன செய்வது? இங்கேதான் பலருக்கும் குழப்பம் வருகிறது. கடையில் பாலிஷ், வேக்ஸ் என்று இரண்டு டப்பாக்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இரண்டும் பளபளப்புக்குத்தானே என்று கைக்குக் கிடைத்ததை எடுத்துவருகிறோம். தமிழில் இதற்கு இரண்டு நல்ல வினைச்சொற்கள் இருக்கின்றன. ஒன்று தீட்டுவது, மற்றது மெழுகுவது. அரிவாளைத் தீட்டினால் அரிவாள் தேயும். தரையை மெழுகினால் தரைமேல் ஒரு படலம் ஏறும். பாலிஷ் தீட்டும் வேலை, வேக்ஸ் மெழுகும் வேலை. மெருகேற்றுவது என்ற சொல் நம்மை ஏமாற்றிவிடுகிறது. பாலிஷ் போடும்போது காரின்மேல் எதுவும் ஏறுவதில்லை, இறங்கத்தான் செய்கிறது.

பாலிஷில் இருப்பது அலுமினியம் ஆக்சைடு போன்ற மிக நுண்ணிய உராய்பொருள். ஒவ்வொரு கீறலும் இரண்டு கரைகள் உள்ள சின்ன வாய்க்கால். அந்தக் கரைகளில் பட்டு வெளிச்சம் சிதறுவதால்தான் பெயின்ட் மங்கலாகத் தெரிகிறது. பாலிஷ் அந்த வாய்க்காலை மண் போட்டு மூடுவதில்லை. சுற்றியுள்ள நிலம் முழுவதையும் வாய்க்காலின் அடிமட்டம் வரை சீவி விடுகிறது. பரப்பு சமமானதும் வெளிச்சம் சிதறாமல் ஒரே திசையில் திரும்புகிறது. அதைத்தான் பளபளப்பு என்கிறோம். மெல்லிய பாலிஷ் ஒரு மைக்ரான் அளவுக்குச் சீவும். ரப்பிங் காம்பவுண்ட் சில மைக்ரான்களை எடுத்துவிடும். எடுத்தது திரும்பி வராது. பழைய கார்களின் கூரையிலும் பானெட்டிலும் தோல் உரிந்ததுபோல வெள்ளைத் திட்டுகள் பார்த்திருப்பீர்கள். கிளியர் கோட் மெலிந்து, வெயிலில் செத்துப்போன இடம் அது.

மாதாமாதம் பாலிஷ் போட வேண்டும் என்ற பழக்கம் வேறு காலத்தின் பெயின்ட்டிலிருந்து வந்தது. 1920-களில் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் டூகோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரைக் கொண்டுவந்தது. அதுவரை நாள்கணக்கில், வாரக்கணக்கில் காய்ந்த வண்ணம் சில மணி நேரத்தில் காய்ந்தது. நம் ஊர்ப் பட்டறைகளில் டூகோ பெயின்ட் என்ற பேச்சு அதன் மிச்சம். அந்த லாக்கர் அடித்தவுடன் மங்கலாகத்தான் இருக்கும். தேய்த்துத் தேய்த்துத்தான் ஒளி வரவேண்டும். மேலே கிளியர் கோட் கிடையாது. தேயத் தேய அடியிலும் அதே நிறம். இன்றைய காருக்கு அந்தப் பழக்கம் பொருந்தாது.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு பழைய சிவப்பு மாருதி 800-இல். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரப்பிங் காம்பவுண்ட் வாங்கிவந்து கதவின் விளிம்பில் இருந்த ஒரு கீறலைப் போக்க உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் துணி சிவப்பானது. கிளியர் கோட் இல்லாத பெயின்ட்டில் அப்படித்தான் நிறம் துணியில் ஏறும், அது எனக்குத் தெரியாது. அழுக்குதான் வருகிறது என்று நினைத்து இன்னும் அழுத்தினேன். விளிம்பில் விரல் நீளத்துக்குச் சாம்பல் நிறக் கோடு ஒன்று எழுந்தது. பிரைமர். தகடு மடியும் விளிம்புகளிலும் கூர்மையான மடிப்புகளிலும் பெயின்ட் மற்ற இடங்களைவிட மெல்லியதாகத்தான் படிந்திருக்கும். தேய்க்கும்போது கையின் அழுத்தம் முழுக்க இறங்குவதும் அங்கேதான். விளிம்புகளுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுத் தொடங்குங்கள் என்று யாராவது அன்று சொல்லியிருக்கலாம்.

பாலிஷ் டப்பாவைத் திறப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். கீறலின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். தண்ணீர் வாய்க்காலை நிரப்பும்போது வெளிச்சம் சிதறுவது குறையும். கீறல் மறைந்தால் அது கிளியர் கோட்டுக்குள்தான் இருக்கிறது, பாலிஷில் போகும். அடுத்து, நகத்தைக் குறுக்காக மெல்ல ஓட்டுங்கள். நகம் தட்டினால் ஆழம் அதிகம். அதைத் துரத்திக்கொண்டு போகாமல் டச்-அப் பெயின்ட்டோடு விட்டுவிடுவது நல்லது.

முதல் வேலை கழுவுவது. இரண்டு பக்கெட், ஒன்றில் கார் ஷாம்பு, ஒன்றில் வெறும் தண்ணீர். துடைத்த ஸ்பாஞ்சை முதலில் வெறும் தண்ணீரில் அலசி மணலை இறக்கிவிட்டுத்தான் ஷாம்புவில் முக்க வேண்டும். மேலிருந்து கீழே வாருங்கள். சக்கரத்துக்கு மேலே உள்ள பகுதியில்தான் மணல் அதிகம் ஒட்டியிருக்கும், அதைக் கடைசிக்கு வையுங்கள். பிறகு மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி உலர்த்துங்கள். நிழலில், பானெட்டைத் தொட்டால் சுடாத நேரத்தில் பாலிஷ் போடுங்கள். ஒன்றரை அடிச் சதுரமாகப் பிரித்துக்கொண்டு, மெத்தென்ற பேடில் நாலு சொட்டு விட்டு, நேர்கோட்டில் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்துவிட்டுத் துடைத்து, போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். கையால் செய்தால் எல்லாக் கீறலும் போகாது. முக்கால்வாசி மங்கினாலே போதும், எஞ்சியதை விட்டுவிடுங்கள் என்பேன். மெஷின் வேண்டுமென்றால் சுற்றிக்கொண்டே அசையும் டூயல் ஆக்‌ஷன் வகை வீட்டுக்கு ஏற்றது. பட்டறைகளில் ஓடும் ரோட்டரி மெஷின் பழகாத கையில் பெயின்ட்டைச் சூட்டிலேயே எரித்துவிடும்.

இனி மெழுகு. வேக்ஸ் டப்பாக்களில் கார்னாபா என்ற பெயரைப் பார்க்கலாம். வடகிழக்கு பிரேசிலில் சியாரா, பியாவி மாநிலங்களில் வளரும் ஒரு மரத்தின் பெயர் அது. நம் பனையைப் போலவே விசிறி ஓலை. மழையில்லாத மாதங்களில் ஓலையிலிருந்து ஈரம் ஆவியாகிப் போகாதபடி அந்த மரம் தன் ஓலைக்குத் தானே மெழுகு பூசிக்கொள்கிறது. நீண்ட கழியின் நுனியில் கத்தி கட்டி ஓலையை அறுத்து, வெயிலில் காயப்போட்டு, அடித்து உதிர்க்கிறார்கள். மாவு போல உதிர்வதை உருக்கி வடிகட்டினால் கல் போன்ற மெழுகு கிடைக்கும். அதன் உருகுநிலை 82 முதல் 86 டிகிரி செல்சியஸ். தேன்மெழுகு 60-ஐச் சற்றுத் தாண்டியதும் உருகிவிடும். சித்திரை வெயிலில் நிற்கும் கறுப்பு பானெட் 70 டிகிரியைத் தொடக்கூடியது என்பதால், எந்த மெழுகு தாங்கும் என்று சொல்லத் தேவையில்லை. பளபளக்கும் மிட்டாய்க்கும் சில மாத்திரைகளுக்கும் மேலே இருப்பது இதே மெழுகுதான். மிட்டாய்ப் பொட்டலத்தில் 903 என்ற எண் இருந்தால் அது கார்னாபா.

டப்பாவில் அதை எண்ணெயோடும் கரைப்பானோடும் குழைத்துத் தருகிறார்கள். பூசும்போது, பூசினோமா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு மெல்லியதாகப் பூசுங்கள். கரைப்பான் பறந்ததும் மூடுபனி போல வெளிறும். விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். ஈஷாமல் சுத்தமாக வந்தால் துடைக்கும் பதம். தடிமனாக அப்பினால் துடைத்துப்போடத்தான் வேலை. எஞ்சும் படலம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அது கீறலைத் தடுக்காது. நம் வெயிலுக்கு ஒன்றிரண்டு மாதம்தான் நிற்கும். செயற்கை பாலிமர் சீலன்ட்கள் இன்னும் சில மாதம் நிற்கும்.

மெழுகிய பானெட்டில் மழைத்துளி முத்து முத்தாக நிற்பது கண்ணுக்கு அழகு. சேப்பங்கிழங்கு இலையிலும் தாமரை இலையிலும் இதைப் பார்த்திருக்கிறோம். ஆனால் தாமரை இலையில் மெழுகோடு, நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் மேடுகளும் உண்டு; துளி அந்த மேடுகளின் நுனியில் நின்று உருண்டோடுவதை ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட் 1997-இல் விளக்கிக் காட்டினார். காரில் மேடு இல்லை, மெழுகு மட்டும்தான். அதனால் துளி திரளும், ஆனால் தானாக முழுதும் ஓடிவிடாது. மழை நீர் என்றால் கவலையில்லை. போர் தண்ணீரில் கழுவி அப்படியே வெயிலில் விட்டால், ஒவ்வொரு முத்தும் காய்ந்து கால்சியம், மெக்னீசியம் உப்பு வளையமாக உட்காரும். தண்ணீர் கலந்த வினிகர் அதைக் கரைக்கும். பிறகு நன்றாகக் கழுவிவிட வேண்டும்.

மெழுகு பயன்படுவது காக்கை எச்சத்திலும் மரத்திலிருந்து சொட்டும் பிசுபிசுப்பிலும்தான். எச்சம் வெயிலில் காயும்போது, அடியில் சூட்டில் இளகிய கிளியர் கோட் இரவில் குளிர்ந்து எச்சத்தின் வடிவத்தையே வாங்கி இறுகிவிடும். தழும்பு அப்படித்தான் விழுகிறது. மெழுகு நமக்குக் கொஞ்சம் நேரம் வாங்கித் தரும், அவ்வளவே. அன்றைக்கே எடுத்துவிட வேண்டும்.

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் பானெட்டில் சந்தனப் பொட்டு காய்ந்து மண்கட்டியாக நிற்கும். அதை நகத்தால் சுரண்டவோ காய்ந்த துணியால் உதறவோ செய்யாதீர்கள். ஒரு துணியைத் தண்ணீரில் நனைத்துப் பொட்டின்மேல் போட்டுவிட்டு, உள்ளே போய்க் காபி குடித்துவிட்டு வாருங்கள். பிறகு துணியை அழுத்தாமல் மேலே தூக்குங்கள். சந்தனம் துணியோடு வந்துவிடும்.