தேஜோக் கரையில் லிஸ்பன் மாநகர்

ஐரோப்பாக் கண்டத்தின் மேலைக்கோடியில், தேஜோ என்னும் பேரியாறு அத்லாந்திக்குப் பெருங்கடலோடு கலக்குமிடத்தருகே, போர்த்துக்கல் நாட்டின் தலைநகராகிய லிஸ்பன் விளங்குகின்றது. அந்நகரைக் காணச் செல்வார் பலர் அதன் எழில்நலங் கண்டு வியந்து மீள்வர். ஆயினும், ‘இக்கட்டிடம் 1755-ஆம் ஆண்டிற்கு முற்பட்டதோ, பிற்பட்டதோ?’ என்னும் வினாவை உடன்கொண்டு செல்வார்க்கே அந்நகரம் தன் வரலாற்றைத் திறந்து காட்டும். அவ்வினாவைத் துணைக்கொண்டு நாமும் அதனைச் சுற்றி வருவோமாக.

அவ்வாண்டு நவம்பர் மாதம் 1-ஆம் நாள் சகல பரிசுத்தவான்களின் திருநாள். முற்பகலில் மக்கள் கோயில்களில் நிறைந்திருந்தபோது, கடலடியில் தோன்றிய நிலநடுக்கம் நகரை உலுக்கியது. இடிபாட்டுக்கு அஞ்சி ஆற்றங்கரை வெளிக்கு ஓடியவர்களுள் பலரைச் சிறிது நேரத்தில் எழுந்த பேரலை வாரிச் சென்றது. எஞ்சிய பகுதியைத் தீ பற்றிப் பன்னாள் எரித்தது. பல்லாயிரவர் மாண்டனர், அரண்மனையும் அதன்கண் இருந்த நூலகமும் அழிந்தன. பெலேம் என்னும் புறநகரில் இருந்தமையால் உயிர் தப்பிய அரசர் முதலாம் ஜோசே, கற்கட்டிடத்துள் வாழ அஞ்சி, 1777-இல் இறக்குமளவும் மரத்தாலான மாளிகையிலேயே வதிந்தார்.

அழிந்த அரண்மனை நின்ற இடமே ஆற்றை நோக்கி விரிந்து கிடக்கும் வணிகச் சதுக்கம். அதன் நடுவே 1775-இல் நிறுவிய அவ்வரசரின் குதிரைமேற் சிலையைக் காணலாம். அதற்கப்பால் உள்ள பைஷாப் பகுதியின் தெருக்கள் நூல்பிடித்தாற்போல் நேரியன. பின்னாளிற் பொம்பால் பிரபு எனப்பட்ட அமைச்சர், பொறியாளரைக் கொண்டு அமைப்பித்தவை இவை. இவ்வீடுகளின் சுவர்க்குள்ளே குறுக்குச் சட்டங்களாற் பிணித்த மரக்கூடு ஒன்று மறைந்துள்ளது. நிலம் அசையின் அக்கூடும் உடனசைந்து, வீட்டை வீழாது தாங்கும் என்பது அவர்தம் கருத்து. அன்றியும், ‘நடுக்கம் எத்துணை நேரம் நீடித்தது? கடல் முன்னர் உயர்ந்ததோ, தாழ்ந்ததோ?’ என்றாற் போன்ற வினாக்களை அவ்வமைச்சர் நாட்டின் பங்குகளுக்கெல்லாம் விடுத்தனர். தெய்வ சினம் என்று கூறி அமைந்துவிடாது, நிகழ்ந்ததை ஆராய முற்பட்ட அச்செயலை நிலநடுக்க நூலின் தொடக்கங்களுள் ஒன்றாகக் கற்றோர் போற்றுவர்.

பைஷாவின் மேற்கே மேட்டில் நிற்பது கார்மோ மடத்துக் கோயில். அதனைப் புதுக்கும் பணி இடையே நின்றுபோக, அதன் நடுக்கூடம் இன்றும் கூரையின்றியே உள்ளது. வளைவுகளினூடே வானம் தோன்றும் அக்காட்சி, எந்தக் கல்வெட்டினும் தெளிவாக அந்நாளின் துயரை உரைக்கும். கிழக்கே கோட்டைக் குன்றின் சரிவிலுள்ள அல்பாமா, உறுதியான நிலத்தின்மேல் அமைந்தமையால் பெரிதும் பிழைத்தது. அதன் குறுகிய சந்துகள் பழைய லிஸ்பனை நமக்குக் காட்டுவன.

ஆற்றோடு மேற்கே சென்றால் பெலேமை அடைவோம். 1501-இல் தொடங்கிய ஜெரோனிமோஸ் மடமும், நீர்விளிம்பில் நிற்கும் காவற்கோபுரமும் முற்பட்ட காலத்தன. வாஸ்கோ ட காமாவின் கல்லறை அம்மடத்துக் கோயிலில் உள்ளது.

தமிழ் மாணவராகிய நமக்கு இந்நகரோடு வேறொரு தொடர்பும் உண்டு. 1554-இல், அஃதாவது அழிவிற்கு இருநூற்றோராண்டு முன்னர், இந்நகரிலேயே தமிழும் போர்த்துக்கீசியமும் அடங்கிய சிறு ஞானோபதேச நூலொன்று அச்சேறியது. தமிழ்ச் சொற்கள் அதில் உரோம எழுத்தில் உள்ளன. தமிழெழுத்திலேயே அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் வெளிவந்தது 1578-இல் ஆதலின், அச்சுக்கண்ட தமிழுக்கு இச்சிறு நூலே மூத்தது. லிஸ்பனின் தேசியத் தொல்பொருட் காட்சிச்சாலை அதனைப் பேணி வருகின்றது.

அரசரின் பெருநூலகம் சாம்பராயிற்று. இச்சிறு நூலோ எஞ்சி நிற்கின்றது. காலம் எதனை விட்டுவைக்கும் என்பதை முன்னறிவார் யாருமிலர். எஞ்சியதைப் பேணுதலும், வீழ்ந்ததை முன்னினும் உறுதியாக எடுத்தலுமே மக்களாற் செய்யத்தக்கவை. இவ்விரண்டையும் ஒருங்கே காட்டி நிற்றலின், லிஸ்பன் கண்ணுக்கு மட்டுமன்றிக் கருத்துக்கும் விருந்தாகும் நகரமாம்.