புலி போன ஊரில் வேட்டை வில்

சிங்கப்பூரின் ஜாலான் புசாரில் இன்று ஒருவர் வேட்டை வில்லை எடுத்துக்கொண்டு இறங்கினால் குறிவைக்க எதுவும் கிடைக்காது. விளக்குக் கடை, இரும்புக்கடை, காப்பிக்கடை, காற்பந்து அரங்கம், நீச்சல்குளம், 2017-ல் திறந்த எம்ஆர்டி நிலையம். நாணை இழுப்பதற்குள் போலீஸ் வந்துவிடும் என்பது வேறு விஷயம்.

ஒரு காலத்தில் இது ரோச்சோர் ஆற்றுக்கும் காலாங் ஆற்றுக்கும் நடுவே கிடந்த சதுப்பு நிலம். நிப்பாப் பனையும் பாக்கு மரங்களும் நின்றன. நோரிஸ் சகோதரர்கள் தோட்டம் போட்டார்கள். பிறகு மாடுகளும் இறைச்சிக்கூடமும் வந்தன. சதுப்பைத் தாண்டினால் காடு, காட்டில் புலி. 1835-ல் காட்டில் நிலம் அளந்துகொண்டிருந்த கோல்மன் என்ற அளவையாளரின் குழு மீது ஒரு புலி பாய்ந்தது. உடனிருந்த இந்தியக் கைதிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அளவைக் கருவிதான் நொறுங்கியது. புலியைக் கொன்றவருக்கு அரசாங்கம் பரிசுப்பணம் தந்தது. குழி வெட்டினார்கள், துப்பாக்கியோடு திரிந்தார்கள். 1930-ல் சுவா சூ காங்கில் சுடப்பட்டதைத்தான் சிங்கப்பூரின் கடைசிக் காட்டுப்புலி என்கிறார்கள். இந்தக் கதையில் வில்லுக்குப் பெரிய இடம் இல்லை. தீபகற்பத்துக் காட்டுமக்கள்கூட வில்லைவிட ஊதுகுழலைத்தான் அதிகம் நம்பினார்கள்.

இன்று காலாங் ஆற்றில் நீர்நாய்க் குடும்பங்கள் உலாவுகின்றன. வீட்டுக் குளத்து மீனைத் தின்றாலும் யாரும் கைவைக்க முடியாது. காட்டு விலங்குகள், பறவைகள் சட்டம் என்று இருந்ததை 2020-ல் திருத்தி வனவிலங்குச் சட்டம் ஆக்கியிருக்கிறார்கள். அனுமதியின்றிக் கொல்வதும் பிடிப்பதும் குற்றம். ஆனாலும் இங்கே வில் பழகுபவர்களில் ஒரு கூட்டம் கையில் வைத்திருப்பது வேட்டைக்காரர்களால் வளர்ந்த வில்: இரண்டு முனையிலும் சக்கரம் வைத்த கம்பவுண்ட். இரை இல்லாத ஊரில் வேட்டை வில்லுக்கு என்ன வேலை என்று கேட்டால், குறி என்ற ஒன்றை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்துப் பார்க்க இதைவிடத் தோதான ஊர் இல்லை என்பேன்.

நம் பழைய மரபில் வில்லாளியின் பெருமை விசையில் இருந்தது. கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரி எய்த அம்பு யானையை ஊடுருவி, புலி, மான், பன்றி என்று போய், புற்றில் கிடந்த உடும்பில் தைத்ததாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடுகிறார். ஐந்தும் ஒரே கோட்டில் நின்றனவா என்று கேட்பவருக்குக் கவிதை வாய்க்காது. ஆனால் புலவர் எதை வியக்கிறார் என்று பாருங்கள்: அம்பு எவ்வளவு நுட்பமான இடத்தில் பட்டது என்பதை அல்ல, எவ்வளவு தூரம் துளைத்தது என்பதை.

அதில் நியாயம் உண்டு. மூங்கில் வில்லில் குறிகாட்டி கிடையாது. மழையில் ஒரு குணம், வெயிலில் ஒரு குணம். ஓர் அம்பின் எடை இன்னொன்றுக்கு இருக்காது. இறகு ஒன்றுபோல் அமையாது. இத்தனை பிழைகளையும் சுமந்துகொண்டு தொலைவிலிருந்து எய்வது வீண். அதனால் வேட்டுவன் நெருங்கிப் போனான். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, சருகில் எப்படி அடியெடுத்து வைப்பது, விலங்கு எப்போது தலையைக் குனியும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. அன்று குறி தப்பாமை பாதி காலில் இருந்தது.

பிழையை வில்லிலிருந்தே கழற்றிவிடலாம் என்று இறங்கியவர் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்து வேட்டைக்காரர் ஹாலஸ் வில்பர் ஆலன். வில்லின் முனைகளை அறுத்துக் கப்பி பூட்டிப் பார்த்தார். 1966-ல் விண்ணப்பித்த காப்புரிமை 1969 டிசம்பரில் கிடைத்தது. பழைய வில்லில் இழுக்க இழுக்கப் பாரம் ஏறும். முழுதாக இழுத்து நிற்கும்போது, அதாவது நிதானம் மிகவும் தேவைப்படும் அந்தக் கணத்தில், பாரம் உச்சத்தில் இருக்கும். தோள் நடுங்கும். ஆலனின் வில்லில் உச்சம் நடுவிலேயே வந்து போய்விடும். மையம் விலகிய சக்கரம் திரும்பியதும் பாரம் இறங்கும். 70 பவுண்டு வில்லில் 80 விழுக்காடு இறங்குகிறது என்று வையுங்கள், கையில் நிற்பது 14 பவுண்டு. மான் தலை நிமிரும்வரை இழுத்தபடியே காத்திருக்கலாம்.

பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. நாணில் கண்ணுக்கு நேராக ஒரு துளை. வில்லின் முன்னால் உருப்பெருக்கிக் கண்ணாடி. வில் சாய்கிறதா என்று காட்ட, கொத்தனாரின் ரசமட்டத்தில் இருப்பதுபோல் ஒரு நீர்க்குமிழி. ஆட்டத்தைக் குறைக்க நீண்ட கம்பி. விரலுக்குப் பதிலாக நாணைப் பிடித்து விடும் சிறு விசைக்கருவி. அம்புகள் கார்பனில், எடை மாறாமல், டஜன் கணக்கில் வருகின்றன. சிங்கப்பூரின் ஈரக்காற்றில் மரமும் நரம்பும் என்ன பாடுபடும் என்ற கவலையும் போயிற்று.

இவ்வளவுக்குப் பிறகும் அம்பு தப்புகிறது. இப்போது சாக்குச் சொல்ல மூங்கில் இல்லை. மிச்சமிருக்கும் பிழை முழுவதும் ஆள் மேல்தான்.

முதல் பிழை பிடியில். பயந்தவர் வில்லை இறுக்கிப் பிடிப்பார். இறுக்கினால் மணிக்கட்டு வில்லைத் துளி திருகும். அந்தத் துளி 50 மீட்டர் தொலைவில் ஒரு சாணாக விரியும். விரல்களைத் தளரவிட்டு, கட்டைவிரல் மேட்டில் மட்டும் வில்லைத் தாங்க வேண்டும். எய்ததும் வில் கீழே விழுந்துவிடுமே என்று தோன்றும். அதற்குத்தான் மணிக்கட்டில் ஒரு வார். அடுத்தது நீளம். கம்பவுண்ட் வில் ஒவ்வொன்றும் ஒருவர் கை நீளத்துக்கு அமைத்தது. நண்பர் விற்றார், மலிவாகக் கிடைத்தது என்று வாங்கியவர், நீளம் ஒத்துவராமல் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, முதுகை வளைத்து நிற்பார். பயிற்றுநர்கள் அலுக்காமல் சொல்வது: "முகத்த நாணுக்குக் கொண்டுபோகாதீங்க தம்பி, நாண முகத்துக்குக் கொண்டுவாங்க." தாடையில் கை வந்து பதியும் இடம் ஒவ்வொரு முறையும் ஒரே இடமாக இருக்க வேண்டும். இழுப்பது புஜமல்ல, முதுகு. இரண்டு தோள்பட்டை எலும்புகளும் ஒன்றையொன்று நோக்கி நகர வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கெட்டது மனத்தில் இருக்கிறது. குறிப்புள்ளி மஞ்சள் வட்டத்தைத் தொட்டதும் விரல் தானாக விசையைத் தட்டிவிடும். இன்னும் முற்றினால், புள்ளியை மஞ்சளுக்குக் கொண்டுபோகவே கை மறுக்கும். பல ஆண்டு பழகியவர்களையும் இது பிடிக்கும். சிலர் இதனாலேயே வில்லை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். மருந்து எளிது, அலுப்பானது. குறித்தாளைக் கழற்றிவிட்டு, வெறும் வைக்கோல் பலகைக்கு முன்னால் சில அடி தூரத்தில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு எய்ய வேண்டும். எங்கே படுகிறது என்று பார்க்கவே கூடாது. இழுப்பு, பதிவு, முதுகு, விடுதல். விட்ட பின்னும் அம்பு தைக்கும்வரை அதே நிலை. அம்பு எப்போது கிளம்பும் என்று எய்பவருக்கே தெரியாத அளவுக்கு முதுகு மெல்ல இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். புள்ளி சற்று மிதந்தால் மிதக்கட்டும். அதை அடக்க முயல்வதுதான் நடுக்கத்தைக் கூட்டும். நிலம் இல்லாத ஊருக்கு இது வசதி. இந்தப் பயிற்சிக்கு ஓர் அறை போதும். உள்ளரங்கப் போட்டித் தூரமே 18 மீட்டர்தான்.

வேட்டைக்காரருக்குப் பாடம் வேறு. அவர் எய்வது பெரும்பாலும் ஒரே அம்பு. உடம்பு சூடேறாமல், குளிர் உடுப்போடு, மரத்தின்மேல் உட்கார்ந்து. கூர்த்தகடு பொருத்திய வேட்டை முனை காற்றில் சிறகுபோல் வேலை செய்வதால், பயிற்சி முனை மன்னித்துவிடும் கைத்தவறை அது பெரிதாக்கிக் காட்டும். இங்கே அந்த முனைக்கு வேலையில்லை. அதற்குப் பதிலாக எண்ணிக்கை வதைக்கிறது: வெளியரங்கத் தகுதிச்சுற்றில் 50 மீட்டரிலிருந்து 72 அம்புகள். பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 8 சென்டிமீட்டர். எழுபத்திரண்டு முறையும் ஒரே ஆளாக நிற்க வேண்டும்.

ஜாலான் புசாரிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்ல முடியாவிட்டாலும், மிதிவண்டியில் எட்டிவிடும் காலாங் கிரிக்கெட் திடலில்தான் 2015 தென்கிழக்காசிய விளையாட்டுகளின் வில்வித்தைப் போட்டிகள் நடந்தன. அதே ஆண்டு சிங்கப்பூரில் நடந்த உடற்குறையுள்ளோருக்கான ஆசியான் விளையாட்டுகளில் தங்கம் வென்றவர் நூர் ஷாஹிதா அலிம். பெருமூளை வாதத்தோடு பிறந்தவர். 2019-ல் நெதர்லாந்தில் கம்பவுண்ட் வில்லோடு உலக வெற்றியாளர் ஆனார். ஓரியின் அளவுகோல் மட்டுமே நிலைத்திருந்தால் இவர் கைக்கு வில்லே வந்திருக்காது. பாரத்தைச் சக்கரம் ஏற்றுக்கொண்டது. திரும்பத் திரும்ப ஒன்றுபோல் செய்வது மட்டும் ஆளிடம் விடப்பட்டது, அதில் அவர் உலகையே முந்தினார். இந்தியாவின் ஷீத்தல் தேவியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கைகள் இல்லாமல் பிறந்து, காலால் வில்லைத் தாங்கி, 2024 பாரிசில் ராகேஷ் குமாரோடு கலப்பு இணைப் பிரிவில் வெண்கலம் எடுத்தவர் அவர்.

இயந்திரம் செய்வதை ஆள் செய்ததாகச் சொல்கிறார்கள் என்று கம்பவுண்டை இளக்காரம் செய்பவர்கள் வில்வித்தை உலகிலேயே உண்டு. ஒரு பிழையையாவது அவர்கள் கம்பவுண்டில் செய்து பார்க்க வேண்டும். ஒளிந்துகொள்ள இடமே இருக்காது. 1995 ஜகார்த்தா உலகப் போட்டியில் நுழைந்த கம்பவுண்ட், 2014 இஞ்சியோனில் ஆசிய விளையாட்டுகளுக்கு வந்தது. 2023 ஹாங்சோவில் விஜயவாடாவின் ஜோதி சுரேகா மூன்று தங்கம் அள்ளினார். ஒலிம்பிக் கதவு மட்டும் இத்தனை காலம் மூடியே இருந்தது. 2028 லாஸ் ஏஞ்சலிசில் அது திறக்கிறது, ஒரே ஒரு பிரிவில்: கம்பவுண்ட் கலப்பு இணை. மூன்று பேர் கொண்ட அணியைத் தேற்ற வேண்டியதில்லை. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் தகுதி பெற்றால் போதும். சிறிய நாடு கணக்குப் போட்டுப் பார்க்கத்தக்க போட்டி இது.