தொழுமரத்தில் மாட்டப்பட்டவனின் பாட்டு எங்கே?

சுழிபுரம் பறாளாய் விநாயகர்மேல் நல்லூர் சின்னத்தம்பிப் புலவர் பாடிய பறாளை விநாயகர் பள்ளு, ஒல்லாந்தர் காலத்து யாழ்ப்பாணம் தந்த அருமையான நூல்களில் ஒன்று. அதன் சந்தத்தில் மயங்காதவர் குறைவு. பள்ளு நூல்களில் வழமையாக ஒரு காட்சி வரும். இளைய மனைவியிடம் மயங்கி வேலையை மறந்த பள்ளனைப் பற்றி மூத்தவள் முறையிட, பண்ணைக்காரன் அவனைத் தொழுமரம் என்ற தண்டனைக் கட்டையில் மாட்டிவிடுவான். பிறகு அவளே இரந்து அவனை மீட்பாள். கேட்பவர் சிரிக்கவென்று அமைந்த இடம் அது. யாழ்ப்பாணத்து அடிமை முறையின் வரலாற்றைப் படித்தபின் என்னால் அங்கே சிரிக்க முடியவில்லை. தொழுமரம் வெறும் கற்பனை அல்ல. அதில் மாட்டப்பட்டவன் அன்று சட்டப்படி ஒருவரின் சொத்து.

அந்தச் சட்டத்தை 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி தொகுத்தார். 12 முதலிமார் சரிபார்த்தார்கள். காணிக்கும் சீதனத்துக்கும் இன்றும் நாம் மேற்கோள் காட்டும் தேசவழமைதான் அது. கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் என்று நான்கு பிரிவினரை அடிமைகளாக வரிசைப்படுத்தும் பகுதியும் அதில் உண்டு. கணவன் ஒரு வீட்டுக்கும் மனைவி இன்னொரு வீட்டுக்கும் உரியவர்களானால், பிள்ளைகள் தாயை உடையவருக்கே சேரும். சரிபார்த்த முதலிமாரில் ஒருவர் வில்லவராயர். அவருடைய மகனே சின்னத்தம்பிப் புலவர் என்று புலவர் வரலாறுகள் கூறும். அது மெய்யானால், அடிமையை எழுதிவைத்த சட்டமும் அவனைப் பாடிய பாட்டும் ஒரே குடும்பத்தின் கைவழி வந்தவை.

விடுதலை மெல்ல மெல்லத்தான் வந்தது. 1816 ஆகஸ்ட் 12க்குப் பின் பிறக்கும் குழந்தைகளை விடுவிப்பதாக இலங்கையில் அடிமைகளை வைத்திருந்தோர் பலர் ஒப்பினர். 1821இல் அரசு இரண்டு, மூன்று இறைசால் (ரிக்ஸ் டொலர்) கொடுத்துப் பெண் குழந்தைகளை மீட்கத் தொடங்கியது. 1844இல் அடிமை முறை சட்டப்படி முற்றாக ஒழிந்தது.

விடுதலை பெற்றவர்களின் பாட்டு என்னவாயிற்று? அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்தது 1865இல். இரண்டே ஆண்டில், 1867இல், அடிமைகள் பாடிய 136 பாடல்கள் இசைக்குறிப்போடு நூலாக வந்துவிட்டன. அதற்கும் முன்னரே, 1848இல், அடிமைத்தளையிலிருந்து தப்பியோடிய வில்லியம் வெல்ஸ் பிரவுன் அடிமை முறைக்கு எதிரான பாடல்களைத் தொகுத்து வெளியிட்டிருந்தார். நூலகரான டீனா எப்ஸ்டீன் பழைய நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் பல்லாண்டுகள் துருவி, கறுப்பின மக்களின் தொடக்ககால இசையின் வரலாற்றை 1977இல் எழுதினார். முகத்தில் கரி பூசிக்கொண்ட வெள்ளையர் மேடையில் 'அடிமைப் பாட்டு' என்று பாடியதையும், அடிமைகள் தாமே பாடியதையும் பிரித்தறிவது இத்துறையில் தவிர்க்க முடியாத வேலை. பள்ளை அந்தக் கேலிக்கூத்தோடு ஒப்பிட மாட்டேன். புலவருக்கு உழவின்மேல் மெய்யான பற்று இருந்தது. ஆனால் பாடியவர் யார், பாடப்பட்டவர் யார் என்ற கேள்வி அங்கே எழுந்ததுபோல் இங்கேயும் எழுந்திருக்க வேண்டும்.

1844க்குப் பின் யாழ்ப்பாணத்தில் அப்படியொரு தொகுப்பு வரவில்லை. அச்சுக்கூடம் இருந்தது. 1841 முதல் உதயதாரகை இதழ் வந்துகொண்டிருந்தது. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியை அமெரிக்க மிசனரிமாரே நடத்தினார்கள். மு. இராமலிங்கம் போன்றோர் நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுக்கும்போது நூறாண்டுக்கு மேல் கடந்துவிட்டது. தாலாட்டும் ஏற்றப்பாட்டும் அரிவிவெட்டுப் பாட்டும் ஒப்பாரியும் கிடைத்தன. அவற்றுள் எது அடிமைக் குடிசையில் பிறந்தது என்று பாட்டை மட்டும் வைத்துச் சொல்ல இயலாது.

இந்த மௌனத்தை அலட்சியத்தின் விளைவு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. 1871இல் தம் கல்விக்கூடத்துக்குப் பணம் திரட்டப் பாடப் புறப்பட்ட, அமெரிக்காவின் ஃபிஸ்க் பல்கலைக்கழகக் கறுப்பின மாணவர்கள், அடிமைகளாயிருந்த பெற்றோரின் பாடல்களை மேடையேற்ற முதலில் தயங்கினார்கள். அவை மறக்க வேண்டிய இருண்ட காலத்துக்குரியவை, பெற்றோருக்குப் புனிதமானவை என்ற உணர்வு தங்களுக்கு இருந்ததாக அவர்களில் ஒருவரான எல்லா ஷெப்பர்ட் பின்னாளில் எழுதினார். யாழ்ப்பாணத்தில் சாதியத்துக்கு எதிராக எழுந்தவர்கள் பறை அடிக்க மறுத்ததும் இப்படித்தான். கட்டாய ஊழியத்தின் அடையாளமாகிவிட்ட இசையைக் கைவிடுவதே அவர்களுக்கு விடுதலை. அந்த மறதியைக் குறை சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

பாட்டு வேறு வழியாகத் திரும்பி வந்தது. 1966 ஒக்ரோபர் 21இல் சுன்னாகத்தில் தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் பொலிஸ் தடியடிக்கு ஆளானது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் கோயில் நுழைவுப் போராட்டம் நடந்தது. அந்தக் கொதிப்பில் பிறந்தது என். கே. ரகுநாதனின் 'கந்தன் கருணை' நாடகம். அம்பலத்தாடிகள் நாடகக் குழுவினர் அதைக் காத்தவராயன் கூத்து மெட்டுகளில் மேடையேற்றினார்கள். உயர்குலத்து ஆரியமாலையை விரும்பியதற்காகக் கழுவேறியவன் காத்தவராயன். மாரியம்மன் கோயில் முற்றங்களில் ஊர் ஊராக ஆடப்பட்டுவந்த அவன் கதையின் மெட்டில் கோயில் நுழைவின் நியாயம் பாடப்பட்டது. யாழ்ப்பாணத்தின் அடிமை எதிர்ப்புப் பாட்டு எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன்.

தேடலும் இங்கிருந்து பின்னோக்கிப் போகலாம். நீரா விக்கிரமசிங்க 2020இல் வெளியிட்ட ஆங்கில நூல், காலனித்துவ இலங்கையின் அடிமைகளை ஆவணங்களுக்குள்ளிருந்து மனிதர்களாக மீட்டுத் தருகிறது. இசையைத் தேடுபவர் அந்த ஆவணங்களோடு காத்தவராயன் கூத்தைப் பயிற்றும் அண்ணாவிமாரிடமும் போக வேண்டும். மெட்டைப் பதிவு செய்தால் மட்டும் போதாது. அதை அண்ணாவியார் யாரிடம், எந்த வயலில், எந்த வேலைக்கு நடுவே கற்றார் என்று கேட்டு எழுத வேண்டும். அவர் சொல்ல விரும்பாததை எழுதாமல் விட வேண்டும்.