உண்மைக் காயமும் பொய்க் கணக்கும்

சென்ற பருவத்தில் நம் விடுதி நண்பர் ஒருவரை ஒரு மோட்டார் சைக்கிள் மோதித் தள்ளியது. மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரத்தில் கட்டைப் பிரித்துவிட்டார்கள். நட்ட ஈடு கேட்க முனைந்தபோது வேண்டியவர் ஒருவர், "ஓராண்டுக்குப் பேனா பிடிக்க முடியாது என்று சொல்லிவிடு, இன்ஷூரன்ஸ் கம்பெனிப் பணந்தானே!" என்று யோசனை கூறினார். நண்பர் என் கருத்தைக் கேட்டார்.

நான் சட்டம் படித்தவன் அல்லன், ஆய்வுக்கூடத்து மாணவன். ஆயினும் ஒரு கேள்வி என்னை விடவில்லை. காயம் மெய், கணக்குப் பொய். நீதிமன்றம் மெய்யான பகுதியை மட்டும் கொடுப்பதா? முழுவதையும் தள்ளிவிடுவதா? இங்கிலாந்து இவ்விரு வழிகளிலும் நடந்து பார்த்திருக்கிறது.

அங்கே 2003-ஆம் ஆண்டில் ஒரு தொழிலாளி வேலையிடத்தில் விழுந்து கையிலும் குதிகாலிலும் எலும்பு முறிவு அடைந்தார். தவறு நிறுவனத்தினுடையதே என்று தீர்ப்பாயிற்று. அவர் கேட்ட தொகை 8,38,000 பவுனுக்கு மேல். ஆனால் அவருடைய நடமாட்டத்தை மறைவாகப் படம் பிடித்திருந்தார்கள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்குத்தானே? உண்மையான இழப்பு ஏறத்தாழ 88,700 பவுன் என்று நீதிபதி மதிப்பிட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. முழு வழக்கையும் தள்ளும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு. ஆயினும் அதை மிக அரிதாகவே பயன்படுத்த வேண்டும் என்று 2012-ஆம் ஆண்டில் அது தீர்ப்பளித்தது. தொழிலாளிக்கு 88,700 கிடைத்தது.

பொய் சொன்னவன் எதை இழந்தான் என்ற கேள்வி எழுந்தது. 2015-ஆம் ஆண்டில் வந்த ஒரு சட்டத்தின் 57-ஆம் பிரிவு அதற்கு விடை கூறிற்று. கோரிக்கையின் அடிப்படையிலேயே நேர்மை தவறியவருக்கு மெய்யான பகுதியும் கிடையாது. அதனால் பெரும் அநீதி விளையும் என்றால் மட்டுமே விலக்கு. உரிய தொகையை இழப்பது ஒன்றே அத்தகைய அநீதி ஆகாது என்று 2018-ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் விளக்கியது. அதே விபத்தில் சிக்கிய நண்பனுக்காகச் சொல்லும் பொய்யும் சொன்னவனின் உரிமையைப் பறித்துவிடும். எதிர்த்தரப்பின் வழக்குச் செலவும் தலையில் விழலாம். நீதிமன்ற அவமதிப்புக்கு இரண்டாண்டு வரை சிறையும் உண்டு.

நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் இத்தகைய பிரிவு இல்லை. ஆனால் நீதிமன்றத்தில் பொய்யென்று அறிந்தே வஞ்சகமாகக் கோருவது இங்கும் குற்றமே. 2023-ஆம் ஆண்டின் பாரதிய நியாய சம்ஹிதை, 246-ஆம் பிரிவு, அதற்கு இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது.

இது கடுமையன்றோ என்பீர்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஆய்வேட்டில் ஓர் அளவைத் திருத்தி எழுதியவனின் மற்ற அளவுகளை யார் நம்புவார்? பொய்க்கு இழப்பே இல்லையென்றால், சொல்லிப் பார்ப்பதில் என்ன தடை? பிறகு உண்மையாகவே கை முறிந்து வருபவனையும் ஐயத்தோடுதான் பார்ப்பார்கள். பொய்யன் திருடுவது கம்பெனியின் பணத்தை மட்டுமன்று. அடுத்த நோயாளியின் சொல்லுக்குள்ள மதிப்பையும்தான்.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு மனுவை எடுத்து, "ஆறு வாரம்" என்றே எழுதினார்.